ஐம்பது திரக்மா மெய்யியல்

ஏதென்ஸ் மாநகரில் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தை ஒட்டிப் பிளாக்கா என்னும் பழம்பகுதி ஒன்று உண்டு. அங்கும், அதனைப் போன்றே பழைமைச் சிறப்பு வாய்ந்த பிற ஐரோப்பிய நகரங்களிலும் அண்மைக் காலமாகப் புதுவழக்கம் ஒன்று தலையெடுத்துள்ளது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலர், வங்கி அலுவலர், நிறுவன மேலாளர் எனப் பத்துப் பேரோ பன்னிரண்டு பேரோ பல நாடுகளிலிருந்தும் வானூர்தியில் வந்து இறங்குகின்றனர். நல்லதொரு விடுதியில் ஐந்தாறு நாள் தங்குகின்றனர். காலையில் பிளேட்டோவின் உரையாடல் நூலொன்றில் சில பக்கங்களைப் படித்து, மெய்யியல் பயின்ற ஒருவரின் துணையோடு வட்டமாக அமர்ந்து பேசுகின்றனர். பிற்பகலில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கின்றனர். மாலையில், பார்த்தினான் கோயில் விளக்கொளியில் மின்னுவதை மொட்டை மாடியிலிருந்து கண்டவாறே உணவருந்தி, நல்வாழ்வு என்பது யாது என்று ஒருவரையொருவர் வினவுகின்றனர். இதற்கு மெய்யியல் ஓய்வு முகாம் என்று பெயர்.

வினா உயர்ந்தது, அது எழுந்த மண்ணும் உயர்ந்தது. அங்ஙனமாயின் குறைதான் எங்கே என்று கேட்போர் உளர். உழைத்துக் களைத்தவன் ஒரு கிழமை ஓய்வெடுத்துச் சூதாட்ட விடுதிக்கோ கடற்கரைக்கோ செல்லாமல் சாக்ரடீஸைத் தேடிச் செல்கிறான் என்றால் அதைப் பாராட்டுவதன்றோ முறை என்பர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்து, தான் செய்வது எதற்காக என்று எண்ணவும் பொழுதின்றி இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட மருத்துவர் ஒருவர், முதன்முறையாக அமைதியாக அமர்ந்து அவ்வினாவை எதிர்கொள்வாராயின், அது வீண் செயலன்று. குழு சிறிதாக இருப்பதிலும் தவறில்லை. நூறு பேர் கூடிய மண்டபத்தில் சொற்பொழிவு நிகழலாமேயன்றி உரையாடல் நிகழாது என்பதை வகுப்பறையில் நின்ற எந்த ஆசிரியரும் அறிவர்.

குறை வேறிடத்தில் உள்ளது. அவ்வட்டத்தில் யார் அமர்ந்திருக்கின்றனர், யார் அமரவில்லை என்பதிலே உள்ளது. மெய்யியல் என்பது பொருள் படைத்தோர் ஓய்வில் நுகரும் பண்டமாக மாறுகிறது. அதுவும், எந்த மனிதர் அதைப் பண்டமாக்க மறுத்தாரோ அவருடைய பெயராலேயே, அவர் நடந்த தெருவிலேயே மாறுகிறது. கண்டிக்கத்தக்கது இதுவே.

கட்டணத்திலிருந்தே தொடங்கலாம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸிலும் இத்தகைய வாணிகம் இருந்தது. சோஃபிஸ்டுகள் எனப்பட்ட அறிவாளர் ஊர்தோறும் சென்று, அறமும் சொல்வன்மையும் கற்பிப்பதாகக் கூறிப் பொருள் ஈட்டினர். அவருள் ஒருவரான புரோடிக்கஸ், சொற்களின் பொருத்தம் பற்றிய பாடத்தை இருவகை விலையில் வைத்திருந்தார். முழுப் பாடம் ஐம்பது திரக்மா. சுருக்கப் பாடம் ஒரு திரக்மா. ஐம்பது திரக்மாப் பாடத்தைக் கேட்டிருந்தால் இப்பொருளில் உண்மை முழுவதையும் அறிந்திருப்பேன், ஒரு திரக்மாப் பாடத்தையே கேட்டதால் அறியாதவனாக நிற்கிறேன் என்று சாக்ரடீஸ் நகையாடியதைப் பிளேட்டோ தம் ‘கிராட்டிலஸ்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

அந்த ஒரு திரக்மாவின் மதிப்பு என்ன? அக்ரோபோலிஸ் குன்றின்மேல் இன்றும் நிற்கும் எரக்தியம் கோயிலின் கட்டடக் கணக்குகள் கல்லில் பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளன. கி.மு. 409ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குரிய அக்கணக்கின்படி, அங்கு உழைத்த கைவினைஞர் பெற்ற நாட்கூலி ஒரு திரக்மா. குடிமகன், வெளியூரான், அடிமை ஆகிய மூவகையினருக்கும் அதே கூலி. ஆகவே ஐம்பது திரக்மா என்பது ஒரு கல்தச்சனின் ஐம்பது நாள் வியர்வை. விடுதி மாடியிலிருந்து முகாமினர் கண்டு மகிழும் அக்குன்றின் கற்களே இக்கணக்கைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன. அதைப் படிப்பதற்குத்தான் காலை நிகழ்ச்சியில் இடமில்லை.

புரோடிக்கஸாவது ஒரு திரக்மாப் பாடம் ஒன்றையும் வைத்திருந்தார். பாரோஸ் தீவினரான ஏவீனஸ் ஐந்து மினா, அதாவது ஐந்நூறு திரக்மா வாங்கினார். அவரைத் தம் இரு மைந்தருக்கு ஆசிரியராக அமர்த்தியவர் கல்லியாஸ் என்னும் செல்வர். சோஃபிஸ்டுகளுக்கு மற்றவர் அனைவரும் கொடுத்ததைவிட மிகுதியாகக் கொடுத்தவர் என்று சாக்ரடீஸே தம் வழக்கு மன்ற உரையில் இவரைச் சுட்டுகிறார். பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடல் நிகழ்வதும் இவருடைய மாளிகையிலேதான். சரக்கறையைக்கூட ஒழித்து விருந்தினர்க்கு அறையாக்கியிருந்தனர். ஒருவர் முன்மண்டபத்தில் உலவியவாறு பேசுகிறார், ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து விடையளிக்கிறார், ஒருவர் போர்வைக்குள் சுருண்டு படுத்தவாறே கற்பிக்கிறார். உலகின் முதல் மெய்யியல் ஓய்வு முகாம் இதுவே எனலாம்.

அம்மாளிகையின் பொருள் எங்கிருந்து வந்தது? லாவ்ரியன் வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து. கல்லியாஸின் தந்தை ஹிப்போனிக்கஸ் அறுநூறு அடிமைகளைச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டு, நாளொன்றுக்கு ஒரு மினா நிகர வருவாய் பெற்றார் எனச் செனபோன் எழுதுகிறார். மண்ணுக்கடியில் அறுநூறு பேர் வெள்ளி வெட்ட, மண்ணுக்குமேல் பத்துப் பேர் அறம் பயிற்றத்தக்கதா என்று வாதிட்டனர். அவ்வாதம் பொய்யன்று, உலக மெய்யியலில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த அறுநூற்றுவரைப் பற்றி அம்மாளிகையில் ஒருவரும் வினவியதாகத் தெரியவில்லை. தம்மைத் தாங்கி நிற்கும் தரையைப் பற்றி மட்டும் வினவாத மெய்யியல் எவ்வளவு நயமுடையதாயினும், அது பாதி மெய்யியலே.

இங்கே சாக்ரடீஸின் நிலை தெளிவானது. தாம் எவரிடமும் கட்டணம் பெற்றதில்லை என்றும், தம் வறுமையே அதற்குச் சான்று என்றும் கி.மு. 399இல் நடுவர் முன்னிலையில் அவர் கூறினார். கட்டணம் பெறாமைக்கு அவர்பால் ஒரு காரணமும் இருந்தது. பொருள் பெறுகிறவன் கொடுக்கிறவனோடுதான் பேசியாக வேண்டும். பொருள் பெறாதவனோ எவரோடும் பேசலாம், எவரோடும் பேசாமலும் இருக்கலாம். செனபோன் இதனைச் சாக்ரடீஸின் வாயிலாகவே எடுத்துரைக்கிறார். முகாம் நடத்தும் மெய்யியலாருக்கு இவ்வுரிமை உண்டா? கட்டணம் செலுத்தி வந்த மேலாளர் ஒருவர், தம் தொழிற்சாலையில் ஆட்குறைப்புச் செய்ததை நடுநிலை அறம் என்று அழகுறப் பேசும்போது, இரக்கமின்றி வினாமேல் வினா தொடுத்து அவரை நாணச் செய்ய அம்மெய்யியலாரால் இயலுமா? ஒருமுறை செய்யலாம். அடுத்த ஆண்டு இருக்கைகள் நிரம்பவேண்டும் என்ற கவலையும் அவருக்கு உண்டல்லவா? அவரைக் குறை கூறுவதற்கில்லை. பல்கலைக்கழகங்கள் மெய்யியல் துறைகளைச் சுருக்கிவரும் காலத்தில் அவரும் வயிறு வளர்க்க வேண்டியவரே. குறை அவரிடம் இல்லை, ஏற்பாட்டில் உள்ளது.

கட்டணத்தைவிடப் பெரிய குறை, ஒத்தார் மட்டுமே கூடுவது. ஒரே வகைக் கல்வி, ஒரே வகை வருவாய், ஒரே வகை அச்சம் உடைய பன்னிருவர் வட்டமாக அமர்ந்தால் அங்கே எழும் வினாக்களும் ஒரே வகையாகத்தான் இருக்கும். பணிக்கும் இல்லத்துக்கும் இடையே சமன் காண்பது எப்படி? தோல்வியை ஏற்பது எப்படி? தலைமைப் பண்பு யாது? இவை தகாத வினாக்கள் அல்ல. ஆனால் நல்ல சாவு என்பது யாது என மருத்துவர் நால்வர் பேசும் அறையில் நோயாளி ஒருவரும் இல்லை. கடன் என்பது அறக்கடமையா என வங்கியாளர் பேசும் அறையில் கடனாளி ஒருவரும் இல்லை. அவ்விடுதியின் படுக்கை விரிப்பை மாற்றும் பெண், நல்வாழ்வு பற்றிய உரையாடல் நிகழ்கையில் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டு செல்கிறாள். அவளிடம் எவரும் கேட்பதில்லை.

சாக்ரடீஸ் கேட்டார். பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் நூலில் வரும் அந்நிகழ்ச்சியை ஆசிரியராவார் எத்தனைமுறை படித்தாலும் தகும். மேனோ செல்வக் குடியினன். பெரிய ஆசிரியரிடம் பயின்றவன். அறம் பற்றிப் பலமுறை பலர் முன்னிலையில் பேசிப் பெயர் பெற்றவன். சாக்ரடீஸின் வினாக்களில் அவன் தடுமாறி, கற்றல் என்பதே இயலாத செயல் என்று வாதிடத் தொடங்குகிறான். அப்போது சாக்ரடீஸ் அவனுடைய பணியாளருள் ஒருவனை, கணிதம் கல்லாத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைக்கிறார். மண்ணில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் இரண்டடி, பரப்பு நான்கு சதுர அடி. பரப்பை இருமடங்காக்க வேண்டுமாயின் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

சிறுவன் தயங்கவில்லை. பக்கத்தை இருமடங்காக்க வேண்டும் என்கிறான். நாலடிப் பக்கத்தில் சதுரம் வரையப்படுகிறது. பரப்பு பதினாறு எனத் தானே எண்ணிக் காண்கிறான். அப்படியானால் மூன்றடி என்கிறான், ஒன்பது வருகிறது. பிறகு, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். சாக்ரடீஸ் அவ்விடத்தில் நிறுத்தி, மேனோவைப் பார்த்து, தெரியும் என்று எண்ணிய நிலையைவிடத் தெரியவில்லை என்று உணர்ந்த இந்நிலை மேலானதல்லவா என வினவுகிறார். அதன்பின் மூலைவிட்டம் வரையப்பட, அதன்மேல் எழும் சதுரமே எட்டுச் சதுர அடி என்பதைச் சிறுவன் கண்டுகொள்கிறான். விடையை அவனுக்குப் பாதி ஊட்டிவிட்டார் சாக்ரடீஸ் என்று குறை சொல்வாரும் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் அங்கு நிகழ்ந்ததன் பொருள் வேறு. தெரியவில்லை என்ற சொல்லைப் புகழ் பெற்ற மேனோ சினத்தோடு சொன்னான்; பெயர்கூடக் குறிக்கப்படாத சிறுவன் இயல்பாகச் சொன்னான். ஆண்டானுக்கு அடிமையின் வாயிலாகப் பாடம் புகட்டப்பட்டது. பிளாக்கா விடுதியில் மேனோக்கள் பன்னிருவர் கூடுகின்றனர். சிறுவனை யாரும் அழைப்பதில்லை.

இக்குறை விடுதிகளுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டில் நெப்போலியன் காலந்தொட்டே உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் மெய்யியல் பாடமாக உள்ளது. பள்ளியிறுதித் தேர்வில் நான்கு மணிநேரம் மெய்யியல் கட்டுரை எழுதுகின்றனர். உலகமே வியக்கும் ஏற்பாடு இது. ஆனால் அதே நாட்டில் தச்சும் சமையலும் இயந்திரப் பழுதும் கற்கும் தொழிற்பிரிவு மாணவருக்குப் பொதுவாக அப்பாடம் இல்லை. கையால் உழைக்கப் போகிறவனுக்குச் சிந்தனை வேண்டியதில்லை என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பாடத்திட்டம் சொல்லிவிடுகிறது.

முகாம்களை ஆதரிப்போர் வலுவான மறுப்பு ஒன்றை முன்வைப்பர். பிளேட்டோவின் அக்கடமியே ஊருக்கு வெளியே அமைந்த ஒதுக்கிடந்தானே? நகரின் திப்பிலோன் வாயிலுக்கு அப்பால் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், மரங்கள் அடர்ந்த சோலையில் கி.மு. 387ஐ ஒட்டி அவர் அதை நிறுவினார். எப்பிக்கூரஸ் கி.மு. 306ஐ ஒட்டி அமைத்ததற்குப் பெயரே தோட்டம் என்பது. சந்தையின் இரைச்சலை விட்டு ஒதுங்குவது மெய்யியலுக்கு என்றுமே தேவையாயிருந்தது என்பர்.

ஒதுங்கினார்கள் என்பது உண்மை. எவ்வளவு காலம் ஒதுங்கினார்கள், எவரோடு ஒதுங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். அரிஸ்டாட்டில் பதினேழு வயதில் அக்கடமிக்கு வந்து, பிளேட்டோ இறக்கும்வரை இருபது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஐந்து நாள் அல்ல. பிளேட்டோவும் கட்டணம் வாங்கவில்லை. எப்பிக்கூரஸின் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் உடன் பயின்றனர். மீஸ் என்னும் அடிமை அவருடைய மெய்யியலில் தோழனாக மதிக்கப்பட்டு, அவரது இறுதி ஆவணத்தால் விடுதலையும் பெற்றான். அத்தோட்டத்தில் மதிப்புடன் உண்ணப்பட்டது ரொட்டியும் நீரும். கொஞ்சம் பாலாடைக்கட்டி கிடைத்தால் அதுவே விருந்து. ஒதுங்குதல் என்ற சொல் ஒன்றே தவிர, இரண்டிற்கும் இடையே ஒற்றுமை யாதுமில்லை.

ஸ்டோயிக் மெய்யியலுக்கு நேர்ந்திருப்பது இன்னும் வருந்தத்தக்கது. இத்தகைய முகாம்களில் பெரிதும் விரும்பப்படுவது அதுவே. உன் ஆட்சிக்கு உட்பட்டதையும் உட்படாததையும் பிரித்தறி, உட்படாததைப் பற்றிக் கவலைப்படாதே என்ற ஒரே கருத்தைப் பிழிந்தெடுத்து, அலுவலக மன அழுத்தத்துக்கு மாத்திரையாக வழங்குகின்றனர். ஸீனோ அதைக் கற்பித்தது அகோராவின் வடபுறத்தில், எவரும் வந்து நிற்கக்கூடிய ஓவியத் தூண் மண்டபத்தில். ஸ்டோவா என்னும் அம்மண்டபத்தின் பெயரே அக்கொள்கைக்குப் பெயராயிற்று. அவருக்குப் பின் தலைமை ஏற்ற கிளியாந்தஸ் இரவெல்லாம் தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் கூலி பெற்றுப் பகலில் பயின்றவர். உடல் கட்டோடு இருக்கும் இவன் எவ்வாறு பிழைக்கிறான் என்று நடுவர் மன்றம் அவரை அழைத்து விசாரித்ததாம். தோட்டக்காரன் ஒருவனும், மாவு விற்கும் பெண் ஒருத்தியும் அவருக்குச் சான்றாக வந்து நின்றனர். மகிழ்ந்த நடுவர் பத்து மினா பரிசளிக்க முன்வர, அதை வாங்கலாகாது என்று ஸீனோ தடுத்துவிட்டதாகப் பழைய வரலாறு கூறும்.

அடிமையாக வாழ்ந்து பின் ஆசிரியரான எபிக்டீட்டஸோ மெய்யியற் பள்ளியை மருத்துவச்சாலைக்கு ஒப்பிட்டவர். அங்கிருந்து இன்பத்தோடு அன்று, வலியோடுதான் வெளியேற வேண்டும் என்பது அவர் கருத்து. முகாம் முடிந்து வானூர்தி நிலையம் செல்கிறவர் முகங்களில் அந்த வலி காணப்படுகிறதா? புத்துணர்வு காணப்படும். புத்துணர்வு பெற்றவர் திங்கட்கிழமை அதே நாற்காலியில் அமர்ந்து அதே கோப்பில் அதே கையொப்பத்தை இடுவார். முன்பு இருந்த மன உறுத்தல் மட்டும் சற்றுக் குறைந்திருக்கும். உறுத்தலைக் குறைப்பதற்கா மெய்யியல்?

ஏதென்ஸ் என்பது இடிபாடுகள் மட்டும் அன்று. உயிருள்ள மாந்தர் வாழும் ஊர். கடன் நெருக்கடியில் கிரேக்க நாடு சிக்கித் தவித்தபோது, 2011 மே மாத இறுதியில் மக்கள் நாடாளுமன்றத்துக்கு எதிரேயுள்ள சின்டாக்மா சதுக்கத்தில் கூடத் தொடங்கினர். இரவுதோறும் பொதுமன்றம் நடந்தது. பேசுவோர் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பழைய ஏதென்ஸ் தன் அலுவலரைத் தேர்ந்த முறையும் குலுக்கலே என்பது நினைவுகூரத்தக்கது. ஓய்வூதியம் குறைக்கப்பட்ட முதியவரும், வேலையற்ற இளைஞரும், பள்ளி ஆசிரியரும் தமக்குக் கிடைத்த சில மணித்துளிகளில் நீதி என்பது யாது, கடன் யாருடையது, நாடு என்பது யார் என்று பேசினர். ஜூன் மாத இறுதியில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 2013இல் அந்நாட்டில் வேலை தேடியவருள் நூற்றுக்கு இருபத்தேழு பேர் வேலையின்றி இருந்தனர். அச்சதுக்கத்தில் பேசப்பட்டவை யாவும் ஆழமானவை என்று சொல்வதற்கில்லை. கூச்சலும் இருந்தது, அரைகுறைப் பேச்சும் இருந்தது. ஆனால் பிளாக்காவிலிருந்து அச்சதுக்கம் நடந்து செல்லும் தொலைவு. சாக்ரடீஸ் அவ்விரண்டில் எங்குப் போயிருப்பார் என்பதில் ஐயம் கொள்வார் உளரோ?

சிறு குழுவினர் கூடி ஆராய்வதே வீண் என்று இவ்வளவும் கேட்டு எவரும் முடிவு கட்டிவிடலாகாது. அம்முறையை இந்நூற்றாண்டுகளில் நேர்மையாக மீட்டெடுத்தவர் ஒருவர் உண்டு. ஆசிரியப் பயிற்சி நூல்களில் அவர் பெயர் போதிய அளவு பேசப்படாதது பெருங்குறையே. ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் 1922 டிசம்பரில், கல்வியியல் கழகம் ஒன்றில் லெனார்ட் நெல்சன் என்னும் மெய்யியலார் சாக்ரடீஸ் முறை பற்றி உரை நிகழ்த்தினார். மெய்யியலைக் கற்பிப்பதன்று, மாணவரை மெய்யியலராக்குவதே அம்முறை என்றார். ஆசிரியர் தம் கருத்தை வெளியிடலாகாது. மேற்கோள்களின் பின்னே எவரும் ஒளியலாகாது. உண்மையில் நிகழ்ந்த ஒரு செயலிலிருந்து தொடங்கவேண்டும். ஒருவர் கூறியதை மற்றவர் புரிந்துகொண்டாரா எனத் திரும்பத் திரும்ப உசாவிய பின்னரே அடுத்த அடி வைக்கவேண்டும். கேட்பதற்கு எளிது, நாற்பது நிமிடம் செய்து பார்த்தால் வியர்த்துவிடும். ஆசிரியர் வாய் மூடியிருப்பதுதான் அவற்றுள் மிகக் கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நெல்சன் அதை விடுதி மாடியில் நடத்தவில்லை. மெல்சுங்கன் அருகே வால்கமூலே என்னுமிடத்தில் 1924இல் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. குழந்தைகளும், அரசியல் பொறுப்பு ஏற்க விழைந்த இளந் தொழிலாளரும் அங்குப் பயின்றனர். நெல்சன் 1927இல் மறைந்தார். மின்னா ஸ்பெக்ட் அம்மையார் பள்ளியை நடத்தினார். 1933இல் நாட்சியர் அதைப் பறித்து மூடினர். அம்மையார் குழந்தைகளோடு டென்மார்க்குக்கும், பின்னர்ப் பிரித்தானியாவுக்கும் இடம் பெயர்ந்து பள்ளியைத் தொடர்ந்தார். நெல்சனின் மாணவர் பலர் நாட்சி எதிர்ப்பில் ஈடுபட்டுச் சிறை புகுந்தனர், நாடு துறந்தனர். வட்டமாக அமர்ந்து பேசியவர்கள் எழுந்து சென்று செய்தது இது. அவருள் ஒருவரான கஸ்டாவ் ஹெக்மன் போருக்குப் பின் ஹனோவர் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அம்முறையைப் பல்லாண்டு பயிற்றி, 1981இல் அது பற்றி நூலும் எழுதினார். நாளை கிராமப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் பயிற்சி ஆசிரியருக்கு அதைக் கற்பித்தார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பாரிஸ் நகரிலும் ஒரு முயற்சி நடந்தது. மார்க் சோத்தே என்பார் 1992இல் பஸ்தீல் சதுக்கத்தின் காப்பிக்கடை ஒன்றில் ஞாயிறு காலைதோறும் மெய்யியல் உரையாடலைத் தொடங்கினார். தெருவில் போகிறவரும் உள்ளே வரலாம். அன்றைய பொருளை வந்தவரே முன்மொழிவர். செலவு ஒரு கோப்பைக் காப்பியின் விலை. இந்தச் சோத்தே கட்டணம் பெற்றுத் தனியாலோசனையும் வழங்கியவர்தாம். குற்றமற்ற துறவி அல்லர். பல்கலைக்கழகத்தார் இதைக் காப்பிக்கடை அரட்டை என்று எள்ளினர். 1998இல் அவர் மறைந்தபோது அத்தகைய கூட்டங்கள் பிரெஞ்சு நாட்டின் பல ஊர்களிலும் பிற நாடுகளிலும் பரவியிருந்தன. ஐம்பது திரக்மாவுக்கும் ஒரு திரக்மாவுக்கும் உள்ள வேறுபாடு இது.

இம்முகாம்களுக்கு ஆசிரியரையும் அழைக்கும் நாள் வரலாம். கட்டணத்தில் சலுகையும் தரலாம். போய்வர வாய்ப்புக் கிட்டினால் போய்வருவதில் தடையில்லை. ஆனால், சிந்திப்பதற்கு முதலில் வகுப்பறையை விட்டு விலகவேண்டும், தேர்வுத்தாள் இல்லாத ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர் உள்ளத்தில் ஊன்றிவிடுமாயின் அதனினும் தீங்கு வேறில்லை. மேனோவின் பணியாளன் ஒத்த சிறுவர் நாற்பது பேர் நாள்தோறும் காலை ஏழரை மணிக்கு ஆசிரியர் முன்னே வந்து அமர்கின்றனர். அவருள் ஒருவன் கணக்கில் பதினாறு என்று தவறாக விடை சொல்லும்போது, ‘தவறு, உட்கார்’ என்பதா, ‘எண்ணிப் பார்’ என்பதா என்ற முடிவு அரை நொடியில் எடுக்கப்படுகிறது. பாடத்திட்டம் முடியவில்லை என்ற அச்சத்தில் பெரும்பாலும் முதற்சொல்லே வெளிப்படுகிறது. மெய்யியல் அங்கே வாழ்கிறது, அல்லது அங்கேயே சாகிறது.

ஏதென்ஸின் அகோராவில் அமெரிக்கத் தொல்லியலார் 1931 முதல் அகழ்ந்து வருகின்றனர். அதன் தென்மேற்கு மூலையில் சிறு வீடொன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. தரையில் செருப்பு ஆணிகள் ஏராளமாகக் கிடந்தன; வாருக்கான எலும்பு வளையங்களும் கிடைத்தன. சீமோனுக்கு உரியது எனப் பொறித்த கிண்ணத்தின் அடிப்பகுதியும் அங்கே அகப்பட்டது. சாக்ரடீஸ் அடிக்கடி சென்று பேசியதாகவும், அப்பேச்சுகளை நினைவிலிருந்து எழுதி வைத்ததாகவும் பழைய நூல்கள் குறிக்கும் சீமோன் என்னும் செருப்புத் தொழிலாளியின் வீடாக அது இருக்கலாம் என்பர். முடிந்த முடிபு அன்று. பெரிக்கிளீஸ் அவனைத் தம்மோடு வந்து இருக்குமாறும், தாமே பேணுவதாகவும் அழைத்தபோது, தன் பேச்சுரிமையை விற்பதற்கில்லை என்று அவன் மறுத்துவிட்டதாகவும் அந்நூல் கூறும்.

அவ்வீட்டை ஒட்டியே அகோராவின் எல்லைக்கல் நிற்கிறது. உரிய வயது நிரம்பாத இளைஞர் அவ்வெல்லையைக் கடந்து உள்ளே புழங்குவதில்லை. யூதிடீமஸ் என்னும் இளைஞன் அவ்வாறே சந்தைக்கு அருகில் கடிவாளம் செய்பவனின் கடையில் அமர்ந்திருப்பது வழக்கம் என்று செனபோன் எழுதுகிறார். சாக்ரடீஸ் தம் தோழர் சிலருடன் அக்கடைக்கே சென்றார். ஒருமுறை சென்று பேச்சு பலிக்காமற்போகவே மறுமுறையும் சென்றார்.